சொன்ன பேச்சைக் கேட்ட கார்கள்

மூன்று மாதத்தில் பத்துக் கார்களை உடைத்திருந்த அந்தத் திருடன், ஒரு காரில்கூட எதையும் தேடவில்லை. மருமகளுக்கு எரிச்சலூட்டியது அதுதான்.

தேடியிருந்தால் சீட்டைப் புரட்டியிருப்பான், கால்மிதியை உதறியிருப்பான், கிடைக்காத ஆத்திரத்தில் நாலு சாமானை வெளியே எறிந்திருப்பான். இவன் அப்படி எதுவும் செய்யவில்லை. பின்பக்கம் இடது ஓரத்தில் மடித்த கைக்குட்டை அளவுக்கு இருக்கும் முக்கோணக் கண்ணாடியை ஒரே தட்டு. கையை விட்டுக் கதவைத் திறந்து, டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி டயர் படுத்திருக்கும் குழியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டியிருக்கிறான். முன் சீட்டில் கிடந்த கூலிங்கிளாஸைக்கூடச் சீண்டவில்லை. வைத்தவனே வந்து எடுத்துக்கொண்டு போனால்கூட இவ்வளவு சுத்தமாக இருக்காது.

பத்தும் ஒரே கம்பெனியின் வாடகைக் கார்கள். பத்தும் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இருக்கும் பார்க்கிங்கில் நின்றவை. கம்பெனி மேனேஜர் நேற்று தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளாத குறையாக ஆபீசுக்கு வந்து, கேஸை ஒப்படைத்துவிட்டு, போய்வர ஒரு வெள்ளைக் காரின் சாவியையும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் காரைத்தான் இப்போது சர்வேயர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. சற்றுமுன் ஒரு சைக்கிள்காரர் மணியடித்து வழி கேட்டு முந்திக்கொண்டு போனார்.

சர்வேயர், மருமகளின் மாமனார். முப்பத்து மூன்று வருடம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைச் சுற்றி வந்து, 'இது தேறும், இது தேறாது' என்று எழுதிக் கொடுத்தவர். ரிடையரான மறுநாளே வீட்டு முன்னறையில் 'துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டிவிட்டார். எட்டு மாதத்துக்கு முன்னால் பாங்க் வேலை அலுத்துப்போய் வீட்டில் உட்கார்ந்த மருமகளை, "உங்க மாமாவைத் தனியா விடாதே, வெளியில போனா இனிப்பா வாங்கித் தின்னுட்டு வருவார்" என்று அத்தை உதவியாளராக அனுப்பிவைத்தாள். ஆக, அவளுடைய உத்தியோகம் பாதி துப்பு, பாதி சர்க்கரை.

"இதுல மர்மமே இல்லம்மா," என்றார் சர்வேயர். "வர்றவன் பார்க்கிங்ல வண்டியை நிறுத்தறான். ஊரே பாக்க டிக்கியைத் திறந்து பையை ஒளிச்சு வைக்கிறான். எவனோ ஓரமா நின்னு பாக்கறான். தீர்ந்தது கதை."

"பத்துப் பேரும் வழியிலேயே ஒளிச்சு வச்சுட்டோம்னு எழுதிக் குடுத்திருக்காங்களே மாமா. ஒருத்தர் பெட்ரோல் பங்க்ல, ஒருத்தர் ஓட்டல் வாசல்ல. இங்க வந்தப்புறம் டிக்கியை யாரும் தொடவே இல்லையாம்."

"பத்துப் பேரும் பொய் சொல்றாங்க."

"பத்துப் பேர் சேர்ந்து ஒரே பொய்யா? நம்ம வீட்டுல நாலு பேர் சேர்ந்து அத்தைகிட்ட ஒரு பொய் சொல்ல முடியல."

பதில் கிடைக்காத இடங்களில் சர்வேயர் பொன்மொழி சொல்வார். "கண்ணில் படாதது கையில் படாது," என்றார், ஸ்டியரிங்கைப் பார்த்து.

வீட்டில் இந்தப் பொன்மொழி ரொம்பப் பிரசித்தம். அத்தை இதையே பிடித்துக்கொண்டு இனிப்பு டப்பாவை மாதத்துக்கு ஓர் இடத்தில் ஒளித்து வைப்பாள். அது எப்படியோ அவர் கண்ணில் படும். அப்புறம் கையிலும் படும்.

பார்க்கிங்கில் நுழையும்போதே கூட்டம் தெரிந்தது. நடுவில் ஒரு வெள்ளைக் கார், அதன் காலடியில் கண்ணாடித் தூள்.

"பதினொண்ணு," என்றாள் மருமகள்.

காருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் தன் தலையில் தானே அடித்துக்கொண்டிருந்தான். சற்றுத் தள்ளி, சிமென்ட் திண்டில் ஒரு பெண் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது. அழவில்லை. அழுவதற்கும் நேரம் ஒதுக்கி வைத்திருப்பவள் மாதிரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சே நிமிஷம்தான் சார்," என்று அந்த ஆள் சர்வேயரின் கையைப் பிடித்துக்கொண்டான். "என் தங்கச்சி வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா. இவ்வளவு தூரம் வந்துட்டு கடலைப் பாக்காம போறதா, அஞ்சே நிமிஷம் மேல ஏறி இறங்கிடலாம்னு நான்தான் இழுத்துட்டுப் போனேன்."

"மொத்தம் எத்தனை படி?" என்று கேட்டாள் மருமகள்.

"இருநூத்தி நாப்பது."

அன்றைக்குப் பூராவும் அவள் மனசுக்குள் அந்த ஆளின் பெயர் 'அஞ்சு நிமிஷம்' என்றே ஆகிப்போனது.

தங்கை எழுந்து வந்தாள். குரல் சீராக இருந்தது. "நான் நர்ஸுங்க. அந்தப் பையில என்னோட ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் இருக்கு. படிச்சது, பதிவு பண்ணது, ஒம்பது வருஷம் வேலை பாத்ததுக்கான சான்று, எல்லாம். மூணு மணிக்கு டவுன்ல இன்டர்வியூ. வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்காரங்க இன்னிக்கு ஒரு நாள்தான் இருக்காங்க. ஒரிஜினல் இல்லாம உள்ளயே விட மாட்டாங்க."

"டவுனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம். ரெண்டு மணிக்குள்ள கிளம்பணும்." மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். "மூணு வருஷமா ரெட்டை டூட்டி பாத்துக்கிட்டே படிச்சு அந்தப் பரீட்சையைப் பாஸ் பண்ணேன். எடுத்தவனுக்கு அது வெறும் காகிதம். எங்கயாவது குப்பையில எறிஞ்சுட்டுப் போயிடுவான். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், அந்தக் காகிதம் மட்டும் போதும்."

மருமகள் எப்போதும் இரண்டு நக்கலாவது கைவசம் வைத்திருப்பவள். அந்த முகத்தைப் பார்த்ததும் இரண்டையும் விழுங்கிவிட்டாள். மணி பன்னிரண்டு நாற்பது.

சர்வேயர் இடுப்பிலிருந்து டேப்பை உருவி, உடைந்த கண்ணாடி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தார். முப்பத்து மூன்று வருடப் பழக்கம். வண்டி என்று ஒன்றைப் பார்த்தால் அவர் கை அளக்காமல் இருக்காது.

"மூணடி நாலங்குலம். பதினோரு வண்டியிலயும் இதே கண்ணாடி, எப்பவும் இடது பக்கம். குறிச்சுக்கோம்மா. திருடன் இடது கைக்காரன். குள்ளம்."

"காலைல வாட்ச்மேன்தான் திருடன்னு சத்தியம் பண்ணீங்க. அதோ நிக்கறாரு பாருங்க, ஆறடி இருக்காரு. டீ கிளாஸை வலது கையில பிடிச்சிருக்காரு."

"உட்கார்ந்து உடைச்சிருப்பான். டீ குடிக்கறது வேற, திருடறது வேற."

அதற்குள் பார்க்கிங்கின் கோடியில், மரத்தடியில் நின்ற ஒரு சாம்பல் நிற வேனிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். ஒரு கையில் கருவிப் பை. இன்னொரு அக்குளில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. நாற்பது வயது, வெள்ளைச் சிரிப்பு.

"கம்பெனியிலிருந்து போன் பண்ணாங்க. கண்ணாடி மாட்டறவன் நான்," என்றார். "எந்த வண்டிங்க?"

அஞ்சு நிமிஷம் கையைக் காட்டினான்.

"அடடா. மறுபடியுமா? இந்த இடமே சரியில்லைங்க. வாட்ச்மேன் ஒருத்தன் இருக்கான், இருந்தும் பிரயோஜனமில்ல." வருத்தத்தோடு உச்சுக்கொட்டிவிட்டு, துடைப்பத்தை எடுத்துத் தூளைப் பெருக்க ஆரம்பித்தார். நல்ல மனுஷன். நர்ஸுக்கு ஒரு தண்ணீர் பாட்டில்கூட நீட்டினார்.

மருமகள் பார்க்கிங்கை ஒரு சுற்றுச் சுற்றினாள். அதே கம்பெனியின் வெள்ளைக் கார்கள் இன்னும் இரண்டு நின்றன. இரண்டிலும் கண்ணாடி எட்டும் பத்திரம். அதிலும் ஒன்றில் பின் சீட்டின் நட்டநடுவில், ஊர் பார்க்க, வயிறு புடைத்த ஒரு பை உட்கார்ந்திருந்தது. திருடன் இதை விட்டுவிட்டு, பக்கத்து வண்டிக் குழிக்குள் ஒளிந்திருந்த பையைத் தேடிப் போயிருக்கிறான். பசிக்கிறவன் பந்தியை விட்டுவிட்டு உறியைத் தேடுவானா?

அந்தக் காரின் சொந்தக்காரர், வாடகைச் சொந்தக்காரர்தான், மூன்று பிள்ளைகளை மூன்று திசையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"சார், பையை இப்படி வெளியில வச்சுட்டுப் போறீங்களே, கம்பெனில ஒரு நோட்டீஸ் குடுத்திருப்பாங்களே, பாதுகாப்பா இருக்கறது எப்படின்னு?"

"நோட்டீஸா? குடுத்தாங்க. நாலு கிலோமீட்டர் தாண்டறதுக்குள்ள அதுல சின்னவனுக்கு மூக்கைத் தொடைச்சாச்சு," என்றார் அவர். "பையில என்ன இருக்கு, அழுக்குத் துணி. எடுத்துட்டுப் போனா துவைச்சாவது குடுக்கட்டும்."

மருமகள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். வந்தவள் நர்ஸின் காருக்குப் பக்கத்தில் சட்டென்று நின்றாள். முன் சீட்டுக்கு எதிரே, டேஷ்போர்டுப் பெட்டியின் மூடி வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. உள்ளே ஒன்றுமில்லை. அந்த மூக்குத் துடைத்த குடும்பத்தின் காரில் அது மூடியிருந்தது. மூன்றாவது காரிலும் மூடித்தான் இருந்தது. இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தாள்.

"சிஸ்டர், இதைத் திருடன் திறந்தானா?"

"இல்லைங்க, நான்தான் திறந்து வச்சேன். அந்த நோட்டீஸ்ல அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்துச்சு." நர்ஸ் கொஞ்சம் வெட்கப்பட்டாள். "எழுதியிருக்கறதை அப்படியே செய்யறது எனக்குப் பழக்கம். மருந்துச் சீட்டுல நம்ம யோசனையைக் கலக்கக் கூடாது பாருங்க."

மருமகள் தங்கள் காருக்கு ஓடினாள். அதுவும் அதே கம்பெனிக் கார்தானே. கதவுப் பையில் அந்த மஞ்சள் நோட்டீஸ் செருகியிருந்தது. 'பயணிகளே, உஷார்! திருட்டைத் தவிர்க்க ஏழு யோசனைகள்.' நாலாவது யோசனையில் அவள் கண் நின்றது.

'நிறுத்துமிடத்துக்கு வந்து சேரும் முன்பே, விலையுயர்ந்த பொருட்களை டிக்கி விரிப்புக்கு அடியில், ஸ்டெப்னிக் குழியில் வைத்துவிடுங்கள். அங்கே எந்தத் திருடனும் தேட மாட்டான்.'

ஐந்தாவது: 'டேஷ்போர்டுப் பெட்டியைக் காலி செய்து திறந்தே வையுங்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்துத் திருடன் ஏமாந்து திரும்புவான்.'

கடைசியில், கொட்டை எழுத்தில், ஆச்சரியக்குறியோடு: 'கண்ணில் படாதது கையில் படாது!'

மருமகள் அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு மாமாவின் சட்டைக் கையைப் பிடித்து, டேப்பும் ஆளுமாக ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"மாமா, இதை யாரு எழுதினதுன்னு ஏதாவது ஊகம் உண்டா?"

சர்வேயர் வாங்கிப் பார்த்தார். காது மடல் சிவந்தது. "நல்லா... நல்லாத்தான் எழுதியிருக்கான்."

"எழுதியிருக்கானா, எழுதியிருக்காரா?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடிம்மா. அந்த மேனேஜர் கேட்டாரு. ராத்திரி பூரா உட்கார்ந்து யோசிச்சு எழுதினேன். ஒவ்வொரு கார்லயும் நம்ம எழுத்து போகுதேன்னு ஒரு இது." நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல என்ன தப்பு?"

"ஒரு தப்பும் இல்ல, திருடன் படிக்காத வரைக்கும். டேஷ்போர்டு திறந்து கிடந்தா என்ன அர்த்தம்? இந்த வண்டிக்காரன் நீங்க சொன்ன பேச்சைக் கேட்டவன்னு அர்த்தம். அஞ்சாவதைக் கேட்டவன் நாலாவதைக் கேக்காம இருப்பானா? நேரா ஸ்டெப்னிக் குழி. சொல் பேச்சுக் கேக்காத வண்டியை அவன் சீண்டறதே இல்ல. மாமா, நீங்க எழுதினது நோட்டீஸ் இல்ல, விலாசம்."

சர்வேயர் சிமென்ட் திண்டில் மெல்ல உட்கார்ந்தார். தூரத்தில் நர்ஸ் மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்த்தார். தன் எழுத்து அந்தப் பெண்ணை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று அவருக்கு உறைத்துவிட்டது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவரிடம் பொன்மொழி எதுவும் இல்லை. மருமகளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் மணி ஒன்று இருபது. பாவப்படுவதைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வைத்தாள்.

"எழுந்திருங்க. அழறதுக்கு அத்தை மடி இருக்கு. இப்ப ஒண்ணு யோசிங்க. இந்த நோட்டீஸ் இந்தக் கார்களுக்குள்ள மட்டும்தான் இருக்கு. காரை வாடகைக்கு எடுக்கறவங்க ஒரு நாள் வந்துட்டுப் போயிடறவங்க. திருடனோ மூணு மாசமா இங்கயே இருக்கான். அப்படின்னா, இந்தக் கார்களுக்குள்ள திரும்பத் திரும்ப உட்கார்ந்து, பொழுது போகாம இதைப் படிக்கற ஆளு இங்க யாரு?"

சர்க், சர்க் என்று துடைப்பச் சத்தம் வந்தது.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் பெருக்கி முடித்துவிட்டு, செய்தித்தாளைப் பிரித்துப் புதுக் கண்ணாடியை எடுத்து ஓட்டையில் பொருத்தினார். இடது பின்பக்கத்துச் சின்ன முக்கோணம். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

மருமகள் அஞ்சு நிமிஷத்தைக் கையசைத்துக் கூப்பிட்டாள். "நீங்க கம்பெனிக்குப் போன் பண்ணப்ப என்ன சொன்னீங்க? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

"நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் பண்ணேன். கார்ல திருட்டுப் போயிடுச்சுன்னு சொன்னேன். கண்ணாடி உடைஞ்சிருக்கான்னு கேட்டாங்க. ஆமான்னேன். சரி, ஆளை அனுப்பறோம்னாங்க."

"எந்தக் கண்ணாடின்னு கேட்டாங்களா?"

"கேக்கலையே. நானும் சொல்லல."

"மாமா, ஒரு கார்ல எத்தனை கண்ணாடி?"

இந்தக் கேள்விக்குச் சர்வேயர் செத்தாலும் எழுந்து வந்து பதில் சொல்வார். "முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, கதவுக்கு நாலு, ஓரத்துல சின்னது ரெண்டு. எட்டு." சொல்லிவிட்டு அவரே வாயைத் திறந்தபடி நின்றார். "எட்டு!"

"வந்த மனுஷன் எந்த வண்டின்னு கேட்டாரு. எந்தக் கண்ணாடின்னு கேக்கவே இல்ல. எட்டுல ஒண்ணை மட்டும் அக்குள்ல வச்சுக்கிட்டு வந்தாரு, அதுவும் சரியான ஒண்ணை."

"அப்ப அந்த இடது கை..."

"இடது கையும் இல்ல, குள்ளமும் இல்ல. அவர்கிட்ட ஸ்டாக் இருக்கறது அந்தக் கண்ணாடி. மொத்தமா வாங்கிப் போட்டிருப்பாரு. அதனால அதையே உடைக்கறாரு. உடைக்கறதுக்குப் பை, மாட்டறதுக்குக் கூலி."

சர்வேயரின் முதுகு நிமிர்ந்தது. "கம்பெனி ஆளு டவுன்லேர்ந்து வரணும்னா ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இவன் காலைலேர்ந்து இங்கயேதான் இருந்திருக்கான்."

"பை இன்னும் இந்தப் பார்க்கிங்கை விட்டுப் போகல," என்றாள் மருமகள்.

அவள் மட்டும் நடந்துபோய் மரத்தடி வேனை எட்டிப் பார்த்தாள். கதவு பூட்டியிருந்தது. சீட்டில் ஒன்றுமில்லை, பின்னால் கண்ணாடி அட்டைப் பெட்டிகள். பிறகு முன்பக்கம் பார்த்தவள் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். வேனின் டேஷ்போர்டுப் பெட்டி அகலத் திறந்து கிடந்தது. சுத்தமாகக் காலி.

மூன்று மாதமாக அந்த நோட்டீஸைப் படித்துப் படித்து, திருடனே அதன் பக்தனாகிவிட்டிருந்தான்.

மணி ஒன்று நாற்பது. வாட்ச்மேன் போலீசுக்குப் போன் போட்டுவிட்டு வந்தார். ஜீப் வெளியே போயிருக்கிறது, வர ஒன்றரை மணி நேரமாகும் என்றார்களாம்.

சர்வேயர் கண்ணாடிக்காரரிடம் போய்ப் பல்லைக் காட்டினார். "தம்பி, நம்ம வண்டி பஞ்சர். ஜாக்கி கொஞ்சம் குடுங்களேன்."

"உங்க வண்டியிலயே இருக்குமே சார்."

"அது வேலை செய்யல. உங்க வேன்ல ஸ்டெப்னிக் குழியில இருக்கும் பாருங்க."

வெள்ளைச் சிரிப்பு பாதியில் நின்றது. "சாவி... சாவியை உள்ளயே வச்சுப் பூட்டிட்டேன் சார்."

"இடுப்புல தொங்கறது என்ன?" என்றாள் மருமகள். "கொத்தா இருக்கே, காய்கறியா?"

கண்ணாடிக்காரர் இரண்டடி பின்வாங்கினார். "யாரு நீங்க? என் வண்டியைத் திறக்கச் சொல்ல உங்களுக்கு என்ன அதிகாரம்? போலீஸ் வரட்டும், நானே திறந்து காட்டறேன். நான் எங்கயும் ஓடிப் போகல." சொல்லிவிட்டு ஜம்மென்று கையைக் கட்டிக்கொண்டார். சட்டம் தெரிந்த திருடன். போலீஸ் வரும்போது மணி மூன்றே கால் ஆகியிருக்கும். பை கிடைக்கும், வேலை போய்விடும்.

சர்வேயர் மருமகளைப் பார்த்தார். மருமகள் சர்வேயரைப் பார்த்தாள்.

இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற நர்ஸ் மெதுவாக முன்னால் வந்தாள். தரையில் விரித்திருந்த கருவிகளைப் பார்த்தாள். ஆபரேஷன் தட்டிலிருந்து எடுப்பதுபோல நிதானமாக ஒரு சின்னச் சுத்தியலை எடுத்தாள்.

"சார்," என்று சர்வேயரைப் பார்த்துக் கேட்டாள். "அந்த நோட்டீஸ்ல அடுத்தவங்க வண்டிக் கண்ணாடியை உடைக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

சர்வேயர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "இல்லம்மா. ஏழுலயும் இல்ல."

"நல்லது."

அவள் வேனை நோக்கி நடந்தாள். ஓடவில்லை. பின்பக்கம், இடது ஓரம், சின்னக் கண்ணாடி. ஒரே தட்டு.

"ஐயோ, என் கண்ணாடி!" என்று அலறிக்கொண்டு பாய்ந்த கண்ணாடிக்காரரை ஆறடி வாட்ச்மேன் இடுப்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டார். மூன்று மாதமாகத் திருடன் என்று ஊரே தன்னைப் பார்த்த கோபம் அந்தப் பிடியில் இருந்தது. டீ கிளாஸை மட்டும் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டுத்தான் பிடித்தார்.

"கவலைப்படாதீங்க," என்றாள் மருமகள். "பத்தே நிமிஷத்துல வந்து மாத்திக் குடுக்கற ஆளு ஒருத்தரை எங்களுக்குத் தெரியும். எந்தக் கண்ணாடின்னுகூடச் சொல்ல வேண்டாம்."

நர்ஸ் கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்தாள். பின்னால் போய் அட்டைப் பெட்டிகளை நகர்த்தி, விரிப்பைத் தூக்கினாள். ஸ்டெப்னி டயருக்கு நடுவில், கூட்டுக்குள் முட்டை மாதிரி, ஒரு நீலப் பை. பக்கத்தில் இரண்டு கேமரா, ஒரு லேப்டாப்.

பையின் ஜிப்பைத் திறந்து ஒவ்வொரு காகிதமாகப் பார்த்தாள். கடைசிக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் அழுதாள். அதற்கும் சரியாக ஒரு நிமிஷம்தான் கொடுத்தாள்.

வாட்ச்மேனின் பிடியில் தொங்கியபடி கண்ணாடிக்காரர் புலம்பினார். "நான் ஒண்ணும் பரம்பரைத் திருடன் இல்லைங்க. ஒரு நாள் ஒரு வண்டியில முன் கண்ணாடி மாட்டிட்டு பசை காயற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பொழுது போகாம அந்த நோட்டீஸைப் படிச்சேன். நெசமாவே வச்சிருப்பாங்களான்னு சும்மா தூக்கிப் பாத்தேன். இருந்துச்சு. எழுதின புண்ணியவான் யாரோ தெரியல, நல்லா இருக்கணும்."

புண்ணியவான் இருமினார்.

வாட்ச்மேனையும் மூக்குத் துடைத்த குடும்பஸ்தரையும் காவலுக்கு வைத்துவிட்டு, சர்வேயரின் காரில் நால்வரும் கிளம்பியபோது மணி ஒன்று ஐம்பத்தெட்டு. அன்றைக்குச் சர்வேயர் ஓட்டிய ஓட்டத்தை மருமகள் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். காலையில் மணியடித்து முந்திய சைக்கிள்காரர் எதிரே வந்தார். இந்தத் தடவை அவர் வண்டியை விட்டு இறங்கி ஓரமாக நின்று வழிவிட்டார்.

மூன்றுக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது அந்தக் கட்டடத்தின் வாசலில் கார் நின்றது.

"அவ்வளவு பையும் எதுக்கு?" என்றான் அஞ்சு நிமிஷம். "ஃபைலை மட்டும் எடுத்துக்கிட்டுப் பையைக் கார்லயே வச்சுட்டுப் போயேன், பத்திரமா நான் பாத்துக்க..."

நர்ஸ் திரும்பிப் பார்த்த பார்வையில் மிச்ச வாக்கியம் அவன் வாய்க்குள்ளேயே வழி தவறிவிட்டது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் படியேறிப் போனாள்.

காத்திருந்தார்கள். சர்வேயர் இன்ஜினை அணைத்ததும், பழக்க தோஷத்தில் எட்டி டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்துவிட்டார். திறந்தது அவருக்கே தெரியாது. மருமகள் பார்த்தும் விட்டுவிட்டாள். அவர் ஏற்கெனவே நொந்துபோயிருந்தார்.

"பதினோரு பேரும்மா," என்றார். "என்னை நம்பினதுக்கு."

"புதுசா ஒரு நோட்டீஸ் எழுதிடலாம் மாமா. ஒரே வரி. 'கார்ல எதையும் வைக்காதீங்க, கையோட எடுத்துட்டுப் போங்க.' நான் எழுதறேன், நீங்க ஆச்சரியக்குறி போடுங்க."

நாலரை மணிக்கு நர்ஸ் வெளியே வந்தாள். பை அப்படியே மார்போடு இருந்தது. கூடவே ஒரு வெள்ளைக் கவர். முகத்தைப் பார்த்ததுமே அஞ்சு நிமிஷம் காரை விட்டுக் குதித்து நடுரோட்டில் நின்று அழ ஆரம்பித்துவிட்டான்.

"அடுத்த மாசம் கிளம்பச் சொல்லிட்டாங்க," என்றாள் அவள்.

"என்னம்மா கேட்டாங்க? கஷ்டமா இருந்துச்சா?" என்று ஆவலாகத் தலையை நீட்டினார் சர்வேயர்.

"எல்லாம் தெரிஞ்சதுதான் சார். கடைசியா ஒண்ணு கேட்டாங்க. 'எழுத்துல குடுக்கற விதிமுறையை அப்படியே கடைப்பிடிப்பீங்களா?'ன்னு."

"நீங்க?"

நர்ஸ் முதல் தடவையாகச் சிரித்தாள். "காலைல கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். இப்ப, எழுதினது யாருன்னு பாத்துட்டுத்தான்னு சொன்னேன். அவங்களுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

சர்வேயர் கையை நீட்டி, டேஷ்போர்டுப் பெட்டியை டப்பென்று மூடினார்.